பேச இயலாத அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறேன்: கவனிப்பின் தரத்தை எப்படி அறிவது?

பாலாற்றங்கரை (குடியாத்தம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 76. சென்ற ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் செயலிழந்தன. அதோடு பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தால் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். பாகாயம் மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெற்றதில், ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நாற்காலிக்கு மாறும் அளவுக்குத் தேறியிருக்கிறார்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. தம்பி துபாயில் இருக்கிறான். வீட்டோடு தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் ஏழு மாதத்தில் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். கடைசியாக வந்தவர் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கிளம்பிவிட, நாங்கள் வீடு திரும்பும் வரை அம்மா ஈரத் துணியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் நல்ல இல்லம் ஒன்றைத் தேடுவது என்று முடிவு செய்தோம்.

இதுவரை மூன்று இல்லங்களைப் பார்த்திருக்கிறேன்: ஒன்று காட்பாடி பக்கம், ஒன்று சத்துவாச்சாரியில், மற்றொன்று ராணிப்பேட்டை போகும் வழியில். மூன்றிலும் தொலைக்காட்சி வைத்த கூடம், பூஜை அறை, சமையலறை, ஆம்புலன்ஸ் வசதி உண்டு என்ற பலகை ஆகியவற்றைத்தான் காட்டினார்கள். மூன்றிலும் தரை பளபளவென்று இருந்தது, மேலாளர்கள் அன்பாகப் பேசினார்கள். மூன்றும் நன்றாகத் தோன்றுவதுதான் என் குழப்பம். அம்மாவால் பேச முடிந்தால், ஒரு வாரம் விட்டுப் பார்த்து, 'எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். பசித்தாலும் வலித்தாலும் யாராவது அதட்டினாலும் அவரால் என்னிடம் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், சேர்த்த பிறகு கவனிப்பு சரியாக நடக்கிறதா என்பதை எதை வைத்து அறிவது என்று, அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற செவிலியர் (காட்பாடி) எழுதியது:

தம்பி, நான் வேலூரில் மருத்துவமனைச் செவிலியராகப் பல ஆண்டுகளும், பிறகு இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளும் வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் இதற்கென்றே பராமரிப்புத் தர ஆணையம் என்ற அரசு அமைப்பு 2009 முதல் இயங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் பாதுகாப்பு, பயன், பரிவு, ஒவ்வொருவரின் தேவைக்கும் செவிசாய்த்தல், நிர்வாகம் ஆகிய ஐந்தையும் சோதித்து, மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது என்று நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுப்பார்கள். அந்தத் தரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி இல்லத்தில் ஒட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒட்டிய காகிதம் எதுவும் இல்லாததால், அந்த ஆய்வாளரின் வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. செய்ய முடியும் என்றுதான் சொல்கிறேன்.

முதலில், சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலை பதினொரு மணி என்பது எல்லா இல்லங்களும் குளித்து, தலை வாரி, நன்றாக இருக்கும் நேரம். இரவு உணவு கொடுக்கும் ஏழு மணிக்கு ஒரு முறையும், விடிகாலை ஆறு மணிக்கு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடிக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். ஒருவர் படுக்கையை நனைத்த சற்று நேரத்துக்கு எந்த நல்ல இல்லத்திலும் வாடை இருக்கத்தான் செய்யும். அது எல்லா அறைகளிலும், எல்லா நேரத்திலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பினாயில் நெடி மட்டும் தூக்கலாக அடிக்கும் இடத்தையும் நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

உணவு நேரத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். கெட்டியான கஞ்சியை விட வெறும் தண்ணீர்தான் அவர்களுக்கு மூச்சுக்குழாயில் எளிதாக இறங்கிவிடும், அதிலிருந்து நிமோனியா வரும். ஆகவே ஊட்டுபவர் பெரியவரை நிமிர்த்தி உட்கார வைக்கிறாரா, எதிரே உட்கார்ந்து ஊட்டுகிறாரா அல்லது நின்றபடி திணிக்கிறாரா, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா, முடிந்ததும் உடனே படுக்க வைக்கிறாரா என்று பாருங்கள். சாப்பிட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும். ஒரு ஆயா ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு ஊட்டுகிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதெல்லாம் நடக்காது.

அடுத்து, படுத்திருக்கும் ஒருவரைத் தூக்கி உட்கார வைப்பதைப் பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் செயலிழந்த கையின் தோள்மூட்டைத் தசை இறுகப் பிடித்திருக்காது. அந்தக் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுத்துத் தூக்கினால் மூட்டு நழுவி, வாழ்நாள் முழுவதும் வலி தரும். பாகாயத்தில் உங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் தொடங்கிய மையம் அது; நோயாளியைக் கையாளுவதை அங்கே குடும்பத்தாருக்கும் பாடமாகவே கற்பிப்பார்கள். இல்லத்தின் ஆயாவிடம், 'எங்கள் அம்மாவுக்கு வலது பக்கம் வராது, நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள்?' என்று கேளுங்கள். அவர் உங்கள் அம்மாவின் இடுப்பைப் பிடிப்பேன், நாற்காலியை இடது பக்கம் போடுவேன் என்று சொன்னால், தெரிந்தவர் என்று அர்த்தம்.

அம்மாவால் பேச முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது அவருடைய உடம்பை. வாரம் ஒரு முறை நீங்களோ உங்கள் மனைவியோ அவரைக் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ அனுமதி உண்டா என்று சேர்ப்பதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் புட்டத்தின் மேலெலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, இரண்டு குதிகால்கள், முழங்கை, தோள்பட்டை எலும்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளிறி மீண்டும் சிவக்க வேண்டும். வெளிறாமல் அப்படியே சிவந்திருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலை விடக் கருத்தோ, சூடாகவோ, இறுகியோ இருக்கும். சர்க்கரை உள்ளவருக்குக் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. அதற்கு ஒரு குறிப்பேடு இருக்கும். அதை வாங்கிப் பார்க்கும்போது, ஒரே மையில் ஒரே கையெழுத்தில் ஒரு வாரத்துக்கான நேரங்கள் வரிசையாக எழுதியிருந்தால் அது உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியது.

எடை இன்னொரு சாட்சி. சேர்க்கும் நாளில் எடை போட்டு நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அல்லது ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு அது ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ. எடை பார்க்கும் கருவியே இல்லாத இல்லங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில், சாப்பிடுகிறார் என்று அவர்கள் சொல்வதற்கு அடிப்படையே இல்லை.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறையும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், உங்கள் அம்மாவால் கேட்கவும் முடியாது. வேலூரின் சித்திரை, வைகாசி வெயிலில் இது உயிரோடு விளையாடுவது. அதோடு, அடிக்கடி டயப்பர் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் செலவாகிறது என்று கணக்கைக் கேளுங்கள். இரண்டுதான் என்றால், ஒன்று தண்ணீர் கொடுப்பதில்லை, அல்லது மாற்றுவதில்லை. நடமாட்டம் உள்ள ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், எதற்காக, எந்த மருத்துவர் சொல்லிப் போட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல் வராமலே திடீரென்று குழம்பிப் போவார்கள் அல்லது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அதை 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போகும் இடம் வேண்டாம்.

இன்சுலின் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஊசி போட்ட பிறகு அம்மா சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்?' சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் என்ன அறிகுறி, என்ன கொடுக்க வேண்டும் என்பது இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பகலில் வரும் செவிலியருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. உங்கள் அம்மாவால் 'மயக்கமா வருது' என்றும் சொல்ல முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாலாஜா மகன் எழுதியது:

செவிலியர் அக்கா எழுதியதைப் படித்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் தவித்தது. எங்கள் நைனாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடியாமல் போனதால், வேலூரில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கட்டடம் புதிது, மின்தூக்கி உண்டு, குளிர்சாதன அறை உண்டு. நான் சென்னையில் வேலையில் இருந்ததால் தினமும் மாலை காணொளியில் பேசுவேன். நைனாவின் முகத்தைத் துடைத்து, விபூதி இட்டு, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். அவரும், 'வேளைக்குச் சோறு போடறாங்க, நீ கவலைப்படாத' என்பார். ஐந்து மாதம் கழித்து மூச்சுத் திணறல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான், பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு தெரியும் புண் இருப்பதை மருத்துவர் காட்டினார். நைனாவுக்கு வாய் நன்றாகவே பேசும். அவர் சொல்லாததற்குக் காரணம், மகன் மனம் வருந்துவான் என்பதுதான். ஆகவே, நண்பரே, பேச முடிந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

பிறகு விசாரித்ததில், அந்த இல்லத்தில் பகலில் ஆறு பேர் வேலை செய்ய, இரவில் இருபத்தாறு பெரியவர்களுக்கு ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமே வரவில்லை. தனி ஒருவரால் இரவு முழுக்க அத்தனை பேரைத் திருப்பிப் படுக்க வைக்க முடியுமா? பணியாளர் எத்தனை பேர் என்று நான் கேட்டபோது மொத்த எண்ணிக்கையைச் சொன்னார்கள். இரவில் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். அதையும் வாய்ச் சொல்லாக விடாமல், ஒரு நாள் இரவு ஏதாவது பொருளைக் கொடுக்கும் சாக்கில் போய்ப் பாருங்கள்.

நைனாவை அங்கிருந்து மாற்றிச் சேர்த்த இல்லம் ஒரு பழைய ஓட்டு வீடு. பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். கூடத்தில் தொலைக்காட்சி கூடப் பழையது. அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே. பார்க்க யாருமே வராத பெரியவர்கள் யார் என்று மேலாளரிடம் கேட்டு, அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வாராவாரம் வரும் பெரியவரை எந்த இல்லமும் நன்றாகத்தான் வைத்திருக்கும். ஓர் அம்மாள், திருவலம் பக்கத்துக்காரர், நான்கு ஆண்டுகளாக அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லையாம். நகம் வெட்டியிருந்தது, கண்ணில் பீளை இல்லை, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள், தலையில் எண்ணெய் தடவிப் பின்னியிருந்தார்கள், ஒரு கனகாம்பரம் கூட வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த ஆயா அவரை 'அந்த மூணாம் நம்பர் பெட்' என்று சொல்லாமல் பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிட்டார். அன்றே முன்பணம் கட்டிவிட்டேன். காற்றுப் படுக்கை வாங்கிக் கொடுத்தோம். மின்வெட்டு வந்தால் அது இறங்கிவிடும் என்பதால் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டோம். புண் ஆற ஏழு மாதம் ஆனது. நைனா அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு இருந்தார்.

ஆற்காடு வாசகர் எழுதியது:

நான் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கவனிப்பைப் பற்றி அறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்று பெயர்ப்பலகை வைத்தால் அது பெரும்பாலும் சிறிய தனியார் மருத்துவமனை. சில இடங்கள் ஒரே கட்டடத்தில் மருத்துவமனையும் முதியோர் இல்லமுமாக இயங்குகின்றன. மருத்துவமனை என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ்ப் பதிவு வேண்டும். முதியோர் இல்லத்துக்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் வழியான பதிவு வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றும் இருப்பதாகச் சொல்வதை ஏற்காதீர்கள். சான்றிதழில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்ததால், இல்லம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியரகத்தில் இயங்கும் சமூக நல அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். நீங்கள் பார்த்த மூன்றாவது இல்லம் ராணிப்பேட்டைக்கு உட்பட்டதாக இருக்கலாம். நேரில் போய், அந்த இல்லத்தின் பதிவு நடப்பில் உள்ளதா, கடைசியாக ஆய்வு எப்போது நடந்தது, புகார் ஏதும் உண்டா என்று கேளுங்கள். வாயால் சொல்லத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுக்கலாம். சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். முன்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும், மருத்துவமனையில் சேர்த்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா, டயப்பரும் மருந்தும் கட்டணத்துக்குள் அடங்குமா, அவசர நேரத்தில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அதை முடிவு செய்வது யார், கூடப் போவது யார் என்ற விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பணம் பெற்றுக்கொண்டு செய்யும் சேவையில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. கொடுமை நடக்கிறது என்ற ஐயம் வந்தால் அதற்கும் காவல் துறைக்கும் உடனே சொல்லுங்கள், ஒப்பந்தக் காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பள்ளிகொண்டா எழுதியது:

பாலாற்றங்கரை அவர்களே, தவறாக எண்ண வேண்டாம். என் மாமியாரை ஆறு ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவள் நான். 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் போதும். பேச முடியாத ஒருவரைப் புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவில் விடுவதற்கு முன் இதையும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை (குடியாத்தம்) எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பள்ளிகொண்டா அம்மா, நீங்கள் சொல்வதில் தவறாக எண்ண ஒன்றும் இல்லை. அந்தத் திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது, மாத்திரையும் வருகிறது. ஆனால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அவர் பக்கத்தில் இருக்க ஒருவர் வேண்டும். எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட்டால் அம்மாவின் மருந்துச் செலவுக்கே வழி இருக்காது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சென்ற வாரம் மூன்று இல்லங்களுக்கும் மறுபடி போனேன். சத்துவாச்சாரியில் இரவு ஏழே கால் மணிக்கு மணியடித்தபோது, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று கதவைத் திறக்கவில்லை. பெரியவர்களின் அமைதிக்காக அப்படி ஒரு விதி வைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் நான் தொலைபேசியில் என் நிலைமையைச் சொல்லி, முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓர் இரவு வரலாமா என்று கேட்டதற்கும் முடியாது என்றார்கள். அதை விட்டுவிட்டேன். ராணிப்பேட்டை வழியில் உள்ளதில் உணவு நேரத்தில் இருந்தேன். உணவு நன்றாக இருந்தது, ஆட்களும் போதுமான அளவு இருந்தார்கள். ஆனால் ஒரு பெரியவரின் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, 'மூக்கில் போட்ட டியூபைப் பிடுங்கிவிடுகிறார் சார், அவருடைய நல்லதுக்குத்தான்' என்றார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

காட்பாடி இல்லத்துக்கு விடிகாலை ஆறு மணிக்குப் போனேன். முன்னறை அலங்கோலமாக இருந்தது, வாடையும் அடித்தது. படுக்கை விரிப்புகளை அப்போதுதான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரவில் பதினெட்டுப் பேருக்கு இரண்டு பேர் பணியில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், ஒடுகத்தூர்க்காரர், ஐந்து ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்கிறாராம். செவிலியர் அக்கா சொன்னபடி நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று கேட்டேன். அவர் விளக்கிச் சொல்லாமல் என்னையே கட்டிலில் உட்காரச் சொல்லி, என் வலது கையை மடியில் வைத்து, இடது பக்கம் நாற்காலியைப் போட்டு, இடுப்பைப் பிடித்து எழுப்பிக் காட்டினார். எடைக் குறிப்பேட்டையும் காட்டினார்கள். இரண்டு மாதம் எழுதாமல் விட்டிருந்தார்கள். கேட்டதற்கு, கருவி பழுதாகியிருந்தது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். பதிவுச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறது என்பதைச் சமூக நல அலுவலகத்திலும் உறுதி செய்துகொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சேர்ப்பதாக இருக்கிறோம். முதல் சில வாரங்களில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வு பெற்ற செவிலியர் (காட்பாடி) எழுதியது:

விட்டுப்போன இரண்டு மாதத்தை ஒப்புக்கொண்டார்கள் பாருங்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. எல்லாம் நிரம்பிய குறிப்பேட்டை விட அதை நான் நம்புவேன். இருந்தாலும் எடைக் கருவி இப்போது வேலை செய்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றியே பார்த்துவிடுங்கள்.

கையைக் கட்டுவது பற்றி நீங்கள் எடுத்த முடிவு சரிதான். குழாயைப் பிடுங்குபவருக்குக் கையுறை மாட்டலாம், பக்கத்தில் ஒருவர் உட்காரலாம், குழாய் இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, மருத்துவர் எழுத்தில் சொன்னால், குறித்த நேரத்துக்கு மட்டும் செய்ய வேண்டியது அது. தூக்க மாத்திரையும் அப்படித்தான். சேர்த்த பிறகு அம்மா பகலிலும் தூங்கி வழிந்தால், மருந்துச் சீட்டில் இல்லாதது ஏதாவது கொடுக்கிறார்களா என்று மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் அம்மா அழுவார், சாப்பாட்டைக் குறைப்பார், உங்களைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். இடம் மாறிய யாருக்கும் அது நடக்கும். அதை மட்டும் வைத்து இல்லத்தை எடை போடாதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்திலும் ஒரு குறிப்பிட்ட ஆள் கிட்டே வரும்போது மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறாரா, இடது கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறாரா என்று கவனியுங்கள். பேச முடியாதவர்களின் புகார் அப்படித்தான் வரும். மேல்கையிலோ தொடையின் உட்புறத்திலோ விரல் பதிந்தது போன்ற கன்றல் இருந்தால், அன்றே படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணமாகவே கன்றிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல ஆயா ஒருவரை அவசரத்தில் குற்றம் சாட்டிவிடக் கூடாது.

ஒரு முழுத் தாளில் அம்மாவைப் பற்றி எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். நோயைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. அவரை எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், காபியா டீயா, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், எதற்குப் பயப்படுவார், அவருக்கு வரும் அந்த ஒரே சொல் என்ன, அதை எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று நீங்களும் உங்கள் மனைவியும் இந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அதை எழுதுங்கள். பசி, வலி, கழிப்பறை, தண்ணீர், குளிர் என ஐந்து படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். இடது கையால் தொட்டுக் காட்டுவார்.

பாலாற்றங்கரை (குடியாத்தம்) எழுதியது:

அக்கா, அந்தத் தாளை நேற்றிரவு எழுதி முடித்தோம். அம்மாவுக்கு வரும் சொல் 'போதும்' என்பது. மெதுவாகச் சொன்னால் உண்மையிலேயே போதும் என்று பொருள். வேகமாக இரண்டு முறை சொன்னால் இன்னும் வேண்டும் என்று பொருள். இதை எழுதாமல் விட்டிருந்தால் ஊட்டுபவர் பாதியிலேயே தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று என் மனைவி சொன்னபோது எனக்குத் திக்கென்றது. எழுத எழுத இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த இல்லத்தில் எல்லாக் கட்டிலுக்கும் அழைப்பு மணி வலது பக்கச் சுவரில்தான் இருக்கிறது. இடது பக்கம் மாற்றித் தரும்படி இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வருவார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையே ஒரு முறை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை உள்ளே வைப்பேன்.